சேலைக்கு எத்தனை நாள், எத்தனை ஆள்?

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் அய்யம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் தறி போட்டிருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

கூலி உயர்வு கேட்டு மறுபடியும் மனு எழுதப் போகிறீர்கள் என்று டீக்கடையில் காதில் விழுந்தது. இருபது சதவீதம் கேட்கலாமா, முப்பது கேட்டுவிட்டுப் பத்துக்கு இறங்கலாமா என்று பேச்சு. அந்த எண்ணோடு எனக்குச் சண்டை கிடையாது. அதற்கு முன்னால் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் வந்து சொன்னால் நான் வாயைத் திறந்ததுமே "நீ சங்கத்து ஆள்தானே" என்று மடக்கிவிடுவீர்கள். மடக்கினால் தப்பும் இல்லை. கூட்டுறவு சங்கம் ஒன்றில் பல வருஷம் உங்கள் எதிரே மேசை போட்டு உட்கார்ந்து, பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுத்து, சேலை வந்ததும் அதையும் நிறுத்து, கழிவு பார்த்து, பிடித்தம் போட்டு, கூலி எழுதியவன் நான்.

அதற்கு முன்னால் தறிப் பக்கத்தில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. அப்பா குழிக்குள் காலை விட்டு மிதிபலகையில் ஏறினால், ஓரத்தில் நான் உட்கார வேண்டும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை உங்கள் பிள்ளைகளும் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம். ஒரு கரை நாடாவை அப்பாவே பார்த்துக்கொள்வார். எதிர்ப்பக்கத்துக் கரை நாடா என் கையில். உடல் இழையும் கரை இழையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். நான் ஒரு வரிசை தூங்கிவிட்டால் அங்கே சேலை வாய் திறக்கும். அப்பா திட்ட மாட்டார். அச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஏழாம் வகுப்புக்கு நான் போனதும் அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தார். அதுவரை ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தவர், அதன் பிறகு விடிகாலையில் தாரும் பகலில் கரை நாடாவுமாக இரண்டையும் பார்த்தார்.

அப்பாவின் கூலிப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சேலை எண், எடை, கழிவு, பிடித்தம், கொடுத்த தொகை, கையெழுத்து. பெயர் ஒன்றுதான். பின்னாளில் அதே மாதிரிப் புத்தகங்களில் நான் எழுதியபோதும் ஒரு பெயர்தான் எழுதினேன். படிவத்தில் இரண்டாவது பெயருக்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத இடத்தில் எழுத்தன் எழுத மாட்டான்.

ஒரு மழைக்கால மத்தியானம், ஐப்பசி அடைமழை. தறிக்குழியெல்லாம் தண்ணீர் ஊறி பாதித் தெரு வேலை இல்லாமல் கிடந்தது. வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்திருக்க, ஒரு அக்கா மழைக்காகிதத்தில் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். தராசில் வைத்தேன். எடை சரி. "அண்ணன் வரணும்க்கா, கையெழுத்துக்கு" என்றேன். அவர் ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இதில என்னோட கூலி எவ்வளவுப்பா?" கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சேலைக்கு இவ்வளவு என்று ரேட் இருந்தது. நாளைக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று எந்தத் தாளிலும் இல்லை.

அன்றிலிருந்து நான் தனியாக ஒரு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். அதன் போக்கைக் காட்டுகிறேன். கீழே வரும் எண்கள் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் வீட்டு எண்ணை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு பாவுக்கு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைத் தொகுதிக்கு) மூன்று சேலை. சேலைக்குக் கூலி 7,000 என்று வைப்போம், பாவுக்கு 21,000. ஒரு சேலைக்குப் பன்னிரண்டு நாள் என்றால் முப்பத்தாறு நாள். வகுத்தால் நாளைக்கு 583 ரூபாய். அதிகாரிகளும் முதலாளிகளும் காட்டும் கணக்கு இது, கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் தறியில் இரண்டு பேர். அப்போது ஆளுக்கு 291. புதுப் பாவைப் பிணைத்து, தெருவில் ஓட்டி, அறுந்த இழை பார்த்து, தறியில் ஏற்றி முடிக்க இன்னும் நான்கு நாள். பிணைக்கிறவருக்கும் மற்ற சில்லறைக்கும் கையிலிருந்து 1,500 போகிறது. மிச்சம் 19,500 ரூபாயை எண்பது ஆள்நாளுக்குப் பிரித்தால் 243. அடுத்த பாவு கைக்கு வரும்வரை எட்டு நாள் சும்மா இருக்கிறீர்கள். வயிறு அந்த எட்டு நாளும் சும்மா இருப்பதில்லை. அதையும் சேர்த்தால் ஆளுக்கு, நாளைக்கு, 203 ரூபாய்.

583-ல் தொடங்கிய எண் 203-ல் வந்து நிற்கிறது. நடுவில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, கூலியை ஒரு பைசா குறைக்கவும் இல்லை. நாளையும் ஆளையும் எண்ணாமல் விட்டதுதான் நடந்தது. நூறுநாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பத்து சதவீத உயர்வு வாங்கிவிட்டீர்கள் என்று வைப்போம். பாவுக்கு 23,100. செலவு போக 21,600. அதே தொண்ணூற்றாறு ஆள்நாளுக்கு 225. ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய் கூடியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் அந்த உயர்வுக்குப் பிறகு முதலாளி அடுத்த பாவைப் பத்து நாள் தள்ளிக் கொடுத்தால்? எட்டு நாள் காத்திருப்பு பதினெட்டு நாள் ஆகிறது. ஆளுக்கு 186. உயர்வுக்கு முன்னால் இருந்ததைவிடக் குறைவு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் வேலை போய்விடும் என்று ஒரு பக்கம் சொல்வார்கள், போகாது என்று மறுபக்கம் சொல்வார்கள். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் 1992-ல் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியபோது, பக்கத்து பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் துரித உணவுக் கடைகளை ஆராய்ந்தார்கள். வேலை குறையவில்லை என்று கண்டார்கள். கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசும் வந்தது. மரியாதைக்குரிய வேலைதான். ஆனால் அந்தக் கடைகளில் சுவர்க் கடிகாரம் உண்டு, வருகைப் பதிவு உண்டு, சம்பளம் மணிக்கணக்கில். நம் தொழிலில் யாரையும் வேலையைவிட்டு நீக்குவது கிடையாது. பாவு தாமதமாகும், அவ்வளவுதான். "ஆடி மாசம், கல்யாணம் இல்ல, வியாபாரம் படுத்துக் கிடக்குது", "மார்கழி முடியட்டும்", "ஜரிகை வரல". இதையெல்லாம் வேலையின்மை என்று எந்தக் கணக்கெடுப்பு எழுதிக்கொள்ளும்? கதவு திறந்திருக்கிறது, தறி நின்றிருக்கிறது. கூலி உயர்வின் நல்லதும் கெட்டதும் நம் ஊரில் அந்தக் காத்திருப்பு நாட்களில்தான் ஒளிந்திருக்கின்றன.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நம் சொந்தங்களுக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். நாள்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று பல வருஷம் போராடினார்கள். 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக அது கிடைத்தது: 900 அடிப்படை, 100 படி. தோட்டக் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. ஒரு நாள் பேர் (முழு நாள் வேலைப் பதிவு) போட எத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்ற அளவைப் பல தோட்டங்களில் ஏற்றினார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர். வேலை நாட்களையும் குறைத்தார்கள். ஆயிரம் என்ற எண்ணைத் தொழிலாளி வென்றார். கிலோவையும் நாளையும் துரை தன் கையில் வைத்துக்கொண்டார். நம் தறியில் கிலோவுக்கு நேர்ச் சொல் "சேலைக்கு எத்தனை நாள்" என்பதுதான். அதை நாம் யாரிடமும் எழுதி வாங்கியதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பீர்கள். 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நாம் நினைப்பதைவிட நல்ல சட்டமாக இருந்தது. பொருளைக் கொடுத்து வீட்டிலேயே செய்துவரச் சொன்னால் அப்படிச் செய்கிறவரும் அந்தச் சட்டத்தில் தொழிலாளியாகவே இருந்தார். பாவும் ஜரிகையும் வாங்கிப்போய் வீட்டுத் தறியில் நெய்கிறவருக்கு அது அப்படியே பொருந்தியது. உருப்படிக்குக் கூலி வாங்குகிறவருக்கு உருப்படி ரேட் நிர்ணயிக்கப்படாவிட்டால், நாள்கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனம் தடை செய்த கட்டாய உழைப்பு என்றே தீர்ப்பெழுதினார். முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்டுக் கிடந்த தறிவீடுகளைப் பார்த்த நமக்கு அந்தச் சொல் அந்நியமில்லை.

ஆனால் இப்போது 2019-ன் கூலிச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி என்கிறது, அது நல்லது. உருப்படி வேலைக்கான பாதுகாப்பும் தொடர்கிறது. ஆனால் பழைய விளக்கத்தில் இருந்த, வீட்டுக்கு எடுத்துப்போய் வேலை செய்பவர் என்ற அந்த வெளிப்படையான சொல் புதிய விளக்கத்தில் இல்லை. கூட்டுறவு சங்கத்தில் இருப்பவர்களோ உறுப்பினர்கள். முதலாளியும் அவர்களே, தொழிலாளியும் அவர்களே என்று ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும். ஆகவே சட்டப் புத்தகம் தானாக நம் திண்ணைக்கு வந்து உட்காராது. நம் கணக்கு நம் கையில் இருந்தால்தான் அதைக் கூப்பிட முடியும்.

இன்னொன்று, சும்மா ஒரு வேடிக்கைக்கு. குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று 1957-ல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு விதி வகுத்தபோது, ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி என்று எழுதினார்கள். 1991-ல் ரெப்டகோஸ் பிரெட் கம்பெனியின் சென்னை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், முதுமை, பண்டிகை, கல்யாணச் செலவு எல்லாவற்றையும் அதில் சேர்த்தது. துணியும் உண்டு, கல்யாணமும் உண்டு. அந்தத் துணியைக் கல்யாணத்துக்கு நெய்கிறவனின் கணக்கு மட்டும் அதில் எங்கே என்று தெரியவில்லை. (நெய்கிறவன் பெண்ணுக்குப் பட்டு இல்லை என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. அதை 'காஞ்சிவரம்' படத்தில் பிரகாஷ்ராஜ் நமக்காகப் போதுமான அளவு அழுதுவிட்டார்.)

கூலி ஏறினால் சேலை விலை ஏறும், சேலை விலை ஏறினால் வாங்க ஆள் வராது என்று காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் சொல்வார்கள். முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2025-ல் வெள்ளி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. நம் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது வெள்ளி மனு எழுதிக் கொடுத்துவிட்டா காத்திருந்தது? கடைச் சீட்டில் விலை உடனே மாறியது. வாங்குகிறவரிடம் "ஜரிகை ஏறிடுச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "நெய்யறவங்க கூலி ஏறிடுச்சும்மா" என்று யாராவது சொல்லிப் பார்த்ததுண்டா? அதே சமயம், வெள்ளி ஏறியதால் சேலை வியாபாரம் சுருங்கினால், பாவு குறைவதும் நம் தலையில்தான். அதையும் மறைக்க வேண்டாம். விலைக்கு இடம் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தை வெள்ளி முதலில் பிடித்துக்கொள்கிறது.

முதலாளிகளின் பயத்தில் நியாயமானது ஒன்று உண்டு. மின்தறியில் நெய்ததைக் காஞ்சிபுரம் கைத்தறி என்று விற்கிறார்கள். 1985-ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருந்தும், 2005-ல் புவிசார் குறியீடு வந்தும் அது நிற்கவில்லை. நம் கூலி ஏறும் ஒவ்வொரு முறையும் அந்தப் போலிக்கு லாபம் கூடுகிறது. ஆனால் முதலாளி கைவிட்டாலும் கூட்டுறவாக நிற்க முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு: கேரளத்தில் 1968-ல் பீடித் தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தப் போனபோது மங்களூர் கணேஷ் பீடி கம்பெனி கண்ணூரில் கடையை மூடிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் 1969-ல் தினேஷ் பீடி என்று கூட்டுறவு தொடங்கி, அதே சட்டம் சொன்ன கூலியைத் தங்களுக்கே கொடுத்துக்கொண்டு பல பத்தாண்டு நின்றார்கள். நமக்குக் கூட்டுறவு ஏற்கெனவே இருக்கிறது. முருகன் பெயரிலும் காமாட்சியம்மன் பெயரிலும் வரதராஜர் பெயரிலும் இருக்கிறது, இந்த ஊரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா பெயரிலும் இருக்கிறது. போலிச் சேலைக்கு எதிராகத் தெருவில் இறங்க வேண்டிய நாளில் கூலி மனுவோடு மட்டும் நிற்கிறோம்.

நம் கூலியை உண்மையில் ஏற்றியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? என் கணிப்பில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள்தான். காலையில் கம்பெனி பஸ் நம் தெருமுனையில் நிற்கிறது. தறியில் உட்கார வேண்டிய பையன் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுகிறான். ஆள் கிடைக்காமல் போன பிறகே சில முதலாளிகள் கேட்காமலேயே சேலைக்கு நூறு இருநூறு ஏற்றினார்கள். அதற்காக அந்தப் பக்கம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். நோக்கியா 2006-ல் வந்து 2014-ல் போய்விட்டது. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரம் பக்கம் பந்தல் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். சம்பளமும் கேட்டார்கள், சங்கத்துக்கு அங்கீகாரமும் கேட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று அவர்கள் யாருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கம்பெனியின் பதிவிலேயே அது இருந்தது. நம் தறிகள் வீட்டுக்கு வீடு தனித்தனி. நம்மை எண்ணிக் காட்ட நம்மைத் தவிர ஆள் கிடையாது.

ஆகவே மனுவில் சதவீதத்துக்கு மேலே இதை எழுதுங்கள். கோர்வை, பேட்னி, சாதாக் கரை, புட்டா என்று ஒவ்வொரு வகைக்கும் சேலைக்கு எத்தனை நாள், எத்தனை ஆள் என்று அளந்து அச்சடித்துத் தரவேண்டும். அளக்கும்போது நெசவாளர் பக்கம் ஒருவர், சங்கம் அல்லது முதலாளி பக்கம் ஒருவர், காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்திலிருந்து ஒருவர் இருக்கட்டும். ஊரிலேயே கைவேகம் உள்ளவர் தறியில் அளக்கக் கூடாது. அப்படி அளந்தால் தேயிலைக் கிலோ மாதிரி அதுவே நம் கழுத்துக்கு வரும். ஐம்பது வயதுக்காரர் தறியிலும், மழைக்காலத்திலும் சேர்த்து அளக்கட்டும். பாவு பிணைப்பும் தார் சுற்றுவதும் அந்த நாட்களில் சேரட்டும். நாள் எண்ணிக்கை முடிந்த பிறகு, அதைத் தமிழ்நாடு அரசு அறிவிக்கும் நாள்கூலியால் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் சென்னை விலைவாசிக் குறியீட்டோடு மற்ற தொழில்களின் அகவிலைப்படி ஏறுவது மாதிரி இதுவும் ஏறட்டும். வரும் எண் இருபது சதவீதத்தைத் தாண்டலாம், தாண்டாமலும் போகலாம். எதுவானாலும் அது உங்கள் எண். பிறகு பாவு இத்தனை நாளுக்கு மேல் தள்ளிப்போனால் காத்திருப்புக்கு ஒரு தொகை என்று கேளுங்கள். உடனே கிடைக்காது, சிரிப்பார்கள். கேட்டு வையுங்கள்.

கூலிப் புத்தகத்தில் இரண்டாவது பெயருக்குக் கட்டம் கேளுங்கள்.

இதற்குத்தான் மனு எழுதும் கூட்டத்திலேயே எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். "பொம்பளை பேரையும் எழுதினா கூலியைப் பிரிச்சு ரெண்டு கணக்குல போட்டுடுவாங்க" என்று ஒரு அண்ணன் என்னிடமே சொன்னார். போட்டால் என்ன அண்ணே? சாராயக் கடைக்குப் போகிற பாதி வீட்டிலேயே தங்கும் என்று பக்கத்திலிருந்த அக்கா சொன்னதை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் பெயர் இருந்தால்தான் கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெய்யும் தொழிலாளர் நலவாரியத்தில் அவரும் நெசவாளர் என்று உறுதியாக நிற்க முடியும். வீட்டுக்காரர் போன பிறகு முதியோர் ஓய்வூதியத்துக்கு "நானும் தறியில இருந்தேன்" என்று தாசில்தார் அலுவலகத்தில் சாட்சி தேடி அலைந்தவர்களை நம் தெருவிலேயே எனக்குத் தெரியும். என் அம்மாவும் அதில் ஒருவர். நாற்பது வருஷம் நாடா பிடித்த கைக்கு ஒரு தாள் ஆதாரம் இல்லை. இருந்த புத்தகங்களில் எழுதியவர்களோ என்னை மாதிரி ஆட்கள்.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரத்துக்குக் கீழே சம்பாதிப்பதாகச் சொன்னார்கள். கைத்தறித் தொழிலாளர்களில் எழுபது சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. கணக்கெடுப்புக்காரர்கள் வீட்டுக்குள் வந்து பார்த்ததால் பெண்கள் கண்ணில் பட்டார்கள். சங்கத்து மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த அக்கா மழையில் நனைந்து வந்த அன்று வரை படவில்லை.

மனு எழுத உட்காரும் அன்று சொல்லியனுப்புங்கள், என் நோட்டைக் கொண்டு வருகிறேன். அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் போன மூன்று பாவுகளுக்கு மட்டும் குறித்து வையுங்கள்: பாவு வந்த தேதி, சேலை இறங்கிய தேதி, அடுத்த பாவு வந்த தேதி, பிணைக்கக் கொடுத்த காசு. கரை நாடா யார் கையில் இருந்தது என்பதையும்.

இப்படிக்கு,
பிள்ளையார்பாளையத்திலிருந்து, உங்கள் பழைய கூலிக் கணக்கெழுத்தன்